அடி −10 இல் 26 ஐ எழுதினால் 186 வருகிறது. சரிதானா?

உவர்மலை வகுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரப் பிள்ளைகளோடு சனிக்கிழமை வகுப்பில் அடி −10 ஐ எடுத்திருக்கிறோம். இலக்கங்கள் வழக்கமான 0 முதல் 9 வரைதான். இடப்பெறுமானம் மட்டும் வலமிருந்து 1, −10, 100, −1000, 10000 என்று குறி மாறி மாறிப் போகும். திருகோணமலைத் தொலைபேசிக் குறியீடு 026 இலிருந்தே தொடங்கினோம்: 26 = 100 − 80 + 6, ஆகவே 186. தபால் குறியீடு 31000 க்கு 49000 வருகிறது (40000 − 9000). −31 க்கு 49. கழித்தல் அடையாளமே தேவைப்படவில்லை என்பது பிள்ளைகளுக்குப் பெரிய புதினம்.

முட்டுகிற இடங்களைச் சொல்கிறேன். பைதனில் புரோகிராம் எழுதினவருக்கு 26 க்கு −3, −4 என்று மறை இலக்கங்கள் வருகின்றன. ஜாவாவில் எழுதினவருக்கு 26 சரி, ஆனால் −31 க்கு 3, −1 வருகிறது. மூன்றாவது ஆளும் ஜாவாதான், அவருக்கு 26 க்கு வெறும் 6 வந்து நின்றுவிடுகிறது. மூன்று பேரும் செய்தது ஒரே முறை: −10 ஆல் வகு, மீதியை எழுது, ஈவை மறுபடி வகு.

அடுத்தது, 9 ஐ அடுத்து 10 க்கு 190 வருகிறது. இரண்டு இலக்கமே இல்லாமல் ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவுவது சரிதானா? 305 ஐ மாற்றினால் 305 ஆகவே நிற்கிறது, அது பிழையா? ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு வடிவம்தான் என்று எப்படி நிறுவுவது? 3, 9, 11 ஆல் வகுபடும் விதிகள் இங்கே என்னவாகும்?

கிண்ணியாக்கரை:

186, 49000, 49 மூன்றும் சரி. 305 உம் சரி. பத்துகளின் இடத்திலும் ஆயிரங்களின் இடத்திலும் 0 இருந்தால் மறைப் பெறுமானமுள்ள இடம் எதுவும் பயன்படவில்லை. வடிவம் மாற வேண்டிய காரணமே இல்லை. 0 முதல் 999 வரை அப்படி 100 எண்கள் இருக்கின்றன: நூறுகளுக்குப் பத்துத் தெரிவு, ஒன்றுகளுக்குப் பத்துத் தெரிவு.

கையால் மாற்ற வகுத்தல் வேண்டாம். நேர் எண் என்றால் பத்துகளின் இடத்து இலக்கத்தைப் பாருங்கள். 0 அல்லாவிட்டால் அதை 10 இலிருந்து கழித்து எழுதி, நூறுகளின் இடத்துக்கு 1 கூட்டுங்கள். 40 என்பது 100 − 60 தானே. 345 இல் 4 ஐ 6 ஆக்கி 3 ஐ 4 ஆக்கினால் 465. சரிபார்க்க: 400 − 60 + 5 = 345. ஆயிரங்களின் இடத்துக்கும் இதே வேலை, 1 போவது பத்தாயிரங்களுக்கு.

பிள்ளைகள் சறுக்கும் இடம் நூறுகளில் 9 இருக்கும்போது. 926 ஐ எடுங்கள். 2 போய் 8, நூறுகள் 9 + 1 = 10. பத்து நூறு ஆயிரம் என்று 0 போட்டுவிட்டு, ஆயிரங்களின் இடத்தில் 1 எழுதுவார்கள். அந்த இடம் −1000. அதில் +1000 வேண்டுமென்றால் மறுபடி 10 − 1 = 9 எழுதி, பத்தாயிரங்களுக்கு 1 அனுப்ப வேண்டும். விடை 19086. கூட்டிப் பாருங்கள்: 10000 − 9000 + 0 − 80 + 6 = 926.

மறை எண்ணுக்கு இடங்கள் வேலையை மாற்றிக்கொள்ளும். பத்துகளும் ஆயிரங்களும் நேரே போகும். ஒன்றுகளும் நூறுகளும் 10 இலிருந்து கழிபடும். −31: 1 ஐ 9 ஆக்கி, 3 க்கு 1 கூட்டி 4. அதுதான் 49.

இனி ஒருமைத்தன்மை. கடைசி இலக்கத்துக்குத் தெரிவே கிடையாது. மற்ற எல்லா இடங்களும் 10 இன் மடங்கு, ஆகவே எண்ணை 10 ஆல் வகுத்த மீதிதான் (0 முதல் 9 வரை) கடைசி இலக்கம். அதைக் கழித்து −10 ஆல் வகுத்தால் வரும் ஈவுக்கும் இதே வாதம். ஆக வடிவம் ஒன்றுக்கு மேல் இருக்க வழியில்லை. முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. ஈவின் பருமன் (எண்ணின் பருமன் + 9) / 10 ஐத் தாண்டாது. பருமன் 1 ஐவிடப் பெரிதாக இருக்கும்வரை இது ஒவ்வொரு படியிலும் குறையும். மிஞ்சுவது 1, 0, −1. அவற்றில் −1 க்கு 9 எழுத ஈவு 1, பிறகு 1 எழுத ஈவு 0. முடிந்தது: −1 என்பது 19.

இதையே சாதாரண அடி 10 இல் செய்து காட்டுங்கள். −1 க்கு 9 எழுத ஈவு மறுபடி −1. மறுபடி 9, மறுபடி −1. இடப்பக்கம் ஒன்பதுகள் முடிவில்லாமல் போகும். அடி 10 க்குக் கழித்தல் அடையாளம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

மூதூர்த்துறை:

புரோகிராம் பக்கத்தை நான் எடுக்கிறேன். மூன்று பிழைக்கும் மூன்று காரணம்.

ஜாவாவும் சியும் முழுவெண் வகுத்தலில் ஈவைப் பூச்சியத்தை நோக்கி வெட்டும். மீதி வகுபடும் எண்ணின் குறியை எடுக்கும். 26 நேர் என்பதால் மீதி 6, ஈவு −2, சரி. −31 மறை என்பதால் மீதி −1, ஈவு 3. பைதன் ஈவைக் கீழ்நோக்கி வெட்டும். மீதி வகுக்கும் எண்ணின் குறியை எடுக்கும். நீங்கள் வகுப்பது −10 ஆல். ஆகவே பைதனில் மீதி எப்போதும் 0 அல்லது மறைதான், நேர் எண்ணுக்கும்கூட. கணக்கு என்று பார்த்தால் −3, −4 பொய்யில்லை: (−3) × (−10) − 4 = 26. அனுமதித்த இலக்கம் இல்லை, அவ்வளவுதான்.

திருத்தம் இரண்டு மொழிக்கும் ஒன்றே: மீதி மறையாக வந்தால் மீதிக்கு 10 கூட்டு, ஈவுக்கு 1 கூட்டு. −31 க்கு மீதி −1 + 10 = 9, ஈவு 3 + 1 = 4. பைதனின் 26 க்கு மீதி −4 + 10 = 6, ஈவு −3 + 1 = −2.

எனக்குப் பிடித்தது −10 ஆல் வகுக்கவே வேண்டாம் என்ற வழி:

மீதி = எண் % 10
எண் = (மீதி − எண்) // 10

பைதனில் இந்த இரண்டு வரி போதும் (% மீதியைத் தரும், // முழுவெண் ஈவைத் தரும்). ஜாவாவில் முதல் வரியை ((எண் % 10) + 10) % 10 என்று எழுதுங்கள், இரண்டாவது வரிக்கு ஒற்றைச் சாய்கோடு. பைதனில் ஒற்றைச் சாய்கோடு போட்டால் விடை தசம எண்ணாக மாறிவிடும். சின்ன எண்ணில் தெரியாது. 16 இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் கெடும். எக்செல்லில் செய்கிறவர்களுக்கும் இதே வழிதான் நல்லது, அங்கே மீதிச் சார்பு பைதன் மாதிரி நடக்கும்.

6 மட்டும் வந்து நின்ற பிள்ளை சுழற்சிக்கு "எண் > 0" என்று நிபந்தனை வைத்திருப்பார். முதல் படியிலேயே ஈவு −2 ஆகிறது, சுழற்சி வெளியே போய்விடுகிறது. "எண் 0 அல்லாதவரை" என்று இருக்க வேண்டும். அதோடு 0 கொடுத்தால் வெறுமையான விடை வரும், அதைத் தனியாகக் கவனியுங்கள். இலக்கங்கள் வலமிருந்து இடமாகக் கிடைக்கின்றன, திருப்பி அச்சிட மறக்க வேண்டாம்.

உவர்மலை வகுப்பு:

மூன்று புரோகிராமும் சரிவந்துவிட்டது, நன்றி. பைதன் நேர் எண்ணுக்கும் மறை மீதி கொடுக்கும் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கிண்ணியா நானா, வகுபடும் விதிகள் இன்னும் பாக்கி. கூட்டலும் சொல்லித் தர வேண்டும். 1 + 19 = 0 வர வேண்டும், பிள்ளைகளுக்கு அது முடிவில்லாமல் போகிறது.

கிண்ணியாக்கரை:

முதலில் கூட்டல். உங்கள் பிள்ளைகள் 10 க்கு வடிவம் 190 என்று பார்த்து, 0 எழுதி 19 ஐ இடப்பக்கம் கொண்டுபோகிறார்கள். அப்படிச் செய்தால் பத்துகளில் 1 + 9 = 10, மறுபடி 0, மறுபடி 19. நூறுகளில் 1 + 9, ஆயிரங்களில் 1 + 9... விடியும்வரை நிற்காது. கொண்டுபோக வேண்டியது 19 அல்ல, −1. இரண்டும் ஒரே எண்தான், ஆனால் 19 இரண்டு இடத்தைக் குழப்பும், −1 ஒரே இடத்தோடு நிற்கும்.

ஆகவே விதி: ஓர் இடத்தின் கூட்டுத்தொகை 10 அல்லது மேல் என்றால் 10 ஐக் கழித்து எழுதி, அடுத்த இடத்தில் 1 ஐக் குறை. ஓர் இடத்தில் −1 வந்தால் 9 எழுதி, அடுத்த இடத்தில் 1 ஐக் கூட்டு. ஓர் இடத்தின் கூட்டுத்தொகை −1 இலிருந்து 19 க்குள்தான் இருக்கும் (9 + 9 + 1), அதனால் வேறு நிலைமை வராது. 1 + 19: ஒன்றுகளில் 10, 0 எழுது, பத்துகளில் 1 − 1 = 0. விடை 0.

8 + 7: 15, 5 எழுது, பத்துகளில் −1, 9 எழுது, நூறுகளில் +1. விடை 195, அதாவது 100 − 90 + 5. இன்னொன்று, 186 + 465: 6 + 5 = 11, 1 எழுது; 8 + 6 − 1 = 13, 3 எழுது; 1 + 4 − 1 = 4. விடை 431, அதாவது 400 − 30 + 1 = 371. 26 + 345 உம் 371 தான்.

குறி மாற்ற 0 இலிருந்து கழியுங்கள்: ஓர் இடம் மறையானால் 10 கூட்டி, அடுத்ததுக்கு 1 கூட்டு. 186 க்கு: −6 போய் 4; −8 + 1 = −7 போய் 3; −1 + 1 = 0. விடை 34, அது −26.

இனி வகுபடும் விதிகள். இங்கேதான் அடி −10 க்கு ஒரு தனி ருசி. சாதாரண எண்ணில் 9 க்கு இலக்கங்களைக் கூட்டுவோம், 11 க்கு ஒன்றுவிட்டொன்று கழிப்போம். அடி −10 இல் இரண்டும் இடம் மாறும். −10 ஐ 11 ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 11 க்கு வெறும் கூட்டல். −10 ஐ 9 ஆல் வகுத்தால் மீதி 8, அதாவது −1, ஆகவே 9 க்கும் 3 க்கும் வலமிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். 186 இல் 1 + 8 + 6 = 15, 11 போக 4; 26 ஐ 11 ஆல் வகுத்தாலும் மீதி 4. மறுபக்கம் 6 − 8 + 1 = −1, அதாவது 8; 26 ஐ 9 ஆல் வகுத்தாலும் 8. வகுபடுமா இல்லையா என்பது மட்டுமல்ல, மீதியே கிடைக்கிறது. 2, 5, 10 க்கு வழக்கம்போலக் கடைசி இலக்கம். 4 க்குப் பத்துகளின் இலக்கத்தை இரட்டித்து ஒன்றுகளோடு கூட்டினால் போதும்.

ஏழு வெந்நீர்க் கிணற்றை வைத்துக்கொண்டிருக்கும் கன்னியா ஊர்க்காரருக்கு 7 இல்லாமல் சரிவராது. 1001 = 7 × 11 × 13. ஆகவே −1000 ஐ 1001 ஆல் வகுத்தால் மீதி 1. வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, தொகுதிகளைக் கூட்டினால் 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே அடியில் விடை. சாதாரண எண்ணில் இதற்குக் கூட்டிக் கழிக்க வேண்டும். இங்கே கூட்டல் மட்டும்.

உவர்மலை வகுப்பு:

நானா, அந்த மூன்றிலக்க விதி எனக்கு உதைக்கிறது. 926 இன் வடிவம் 19086. பிரித்தால் 19, 086. கூட்டினால் 105. 105 = 7 × 15, வகுபடுகிறது. ஆனால் 926 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 2. எங்கே பிழை?

நிலாவெளி:

விதி சரி, நீங்கள் கூட்டிய விதம்தான் பிழை. தொகுதியும் அடி −10 இல் எழுதிய எண்தான். 19 என்றால் −1. 086 என்றால் −80 + 6 = −74. இரண்டையும் கூட்டினால் −75. அதோடு 77 ஐக் கூட்டினால் 2, உங்கள் மீதி. −75 + 1001 = 926 என்பதையும் கவனியுங்கள், 1001 க்கே விதி பொருந்துகிறது. நானா சொன்ன கூட்டல் முறையில் அப்படியே 19 + 086 செய்தாலும் சரி: 9 + 6 = 15, 5 எழுது; 1 + 8 − 1 = 8. விடை 85, அதுவும் −75 தான். முன்னுக்கு 0 உள்ள தொகுதியில்தான் எல்லாரும் விழுவார்கள், 086 ஐக் கண் தானாக எண்பத்தாறு என்று வாசித்துவிடும்.

ஆனால் நான் வந்தது வேறொரு விஷயம் சொல்ல. மாற்றுவதற்கு நீங்கள் எல்லாரும் மிகவும் கஷ்டப்படுகிறீர்கள். வகுத்தலும் வேண்டாம், 10 இலிருந்து கழித்து அடுத்ததுக்கு அனுப்புவதும் வேண்டாம், நேர் மறை என்று இரண்டு விதியும் வேண்டாம்.

எண்ணோடு 9090 ஐக் கூட்டுங்கள். வரும் நான்கு இலக்கத்தில் பத்துகளையும் ஆயிரங்களையும் மட்டும் 9 இலிருந்து கழித்து எழுதுங்கள். முடிந்தது.

26 + 9090 = 9116. ஆயிரங்களில் 9 போய் 0, பத்துகளில் 1 போய் 8. விடை 0186.
−31 + 9090 = 9059. 9 போய் 0, 5 போய் 4. விடை 0049.

பெரிய எண்ணுக்கு 909090. இப்போது இலட்சத்தின் இடத்தையும் சேர்த்து மூன்று இடங்களை மாற்ற வேண்டும். 926 + 909090 = 910016, மாற்றினால் 019086. நானா இரண்டு தடவை கொண்டுபோய் எடுத்த அதே விடை. 31000 + 909090 = 940090, மாற்றினால் 049000. திரும்பி வர, அதே இடங்களை 9 இலிருந்து கழித்துவிட்டு 909090 ஐக் குறையுங்கள்.

ஏன் இது வேலை செய்கிறது? பத்துகளின் இடத்தில் 3 என்று எழுதினால் அடி −10 இல் அது −30. அதோடு 90 ஐக் கூட்டினால் 60. அதாவது 9 − 3 = 6 என்ற இலக்கம் சாதாரண அடி 10 இல் நிற்கிறது. ஒவ்வொரு மறை இடத்துக்கும் ஒரு 9 கொடுத்துவிட்டால் எல்லா இடமும் நேராகிவிடும். அடி −10 என்பது வேறொன்றுமில்லை, சாதாரண எண்ணைக் கொஞ்சம் நகர்த்தி, ஒன்றுவிட்டொரு இலக்கத்துக்கு 9 இன் நிரப்பி எடுத்தது.

இதை ஏற்றுக்கொண்டால் மற்றவை தானாக வரும். நான்கு இலக்கத்துக்குள் 0000 முதல் 9999 வரை 10000 வடிவங்கள். 9090 ஐக் குறைத்தால் −9090 முதல் 909 வரை, விடுபாடு இல்லாமல், ஒன்றுக்கு ஒன்றாக. நானா நிறுவிய ஒருமைத்தன்மை இதுவேதான், வேறு உடுப்பில். இலக்க எண்ணிக்கையின் வீச்சும் இதிலேயே இருக்கிறது. ஒரு இலக்கம் 0 முதல் 9 வரை. இரண்டு இலக்கம் −90 முதல் −1 வரை. மூன்று இலக்கம் 10 முதல் 909 வரை. நான்கு இலக்கம் −9090 முதல் −91 வரை. ஐந்து இலக்கம் 910 முதல் 90909 வரை. இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை என்றால் நேர், இரட்டை என்றால் மறை. 9 ஐ அடுத்து 190 வருவது இதனால்தான்: இரண்டிலக்க வடிவங்கள் 90 உம் மறை எண்களுக்கே போய்விட்டன.

எது பெரிது என்று பார்க்கும்போது இதே யோசனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணுக்கும் இடப்பக்கம் 0 போட்டு நீளத்தைச் சமப்படுத்தி, இடமிருந்து முதலில் வேறுபடும் இலக்கத்தைப் பாருங்கள். அது ஒன்றுகள், நூறுகள், பத்தாயிரங்களில் இருந்தால் பெரிய இலக்கமுள்ளது பெரிய எண். பத்துகள், ஆயிரங்களில் இருந்தால் தலைகீழ், சின்ன இலக்கமுள்ளதே பெரிது. 465 உம் 486 உம்: பத்துகளில் 6, 8. ஆகவே 465 பெரிது (345, 326). துறைமுக ஆழத்தையும் சுவாமிமலை உயரத்தையும் ஒரே நிரலில் அடையாளம் இல்லாமல் எழுதலாம் என்று பிள்ளைகள் யாராவது உற்சாகப்பட்டால், அந்த நிரலை எக்செல்லில் வரிசைப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். −1 மீற்றர் 19 ஆக, +9 மீற்றர் 9 ஆக நின்று, கடலுக்குள் இருப்பது கரைக்கு மேலே ஏறிவிடும்.

மூதூர்த்துறை:

நிலாவெளி அக்கா, அந்த 9090 வேலை எனக்கு வேறு உருவில் பழக்கம். அடி −2 இல் அதையே துவிதத்தில் செய்வார்கள். 9090 க்குப் பதில் 10101010, 9 இலிருந்து கழிப்பதற்குப் பதில் அந்த இடங்களில் 0 ஐ 1 ஆகவும் 1 ஐ 0 ஆகவும் திருப்புவது. அதாவது கூட்டிவிட்டு அதே 10101010 உடன் எக்ஸ்ஓர். 6 ஐ எடுத்தால் 170 + 6 = 176, துவிதத்தில் 10110000; எக்ஸ்ஓர் செய்தால் 00011010. வாசித்தால் 16 − 8 − 2 = 6. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆட்கள் 1972 இலேயே இதைக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள், ஷ்ரோப்பல் என்பவர் பேரில்.

அடி −2 க்கு வகுபடும் விதியும் ஒன்று: −2 ஐ 3 ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 1 கள் எத்தனை என்று எண்ணினால் போதும். 6 இன் வடிவத்தில் மூன்று 1, வகுபடும். 26 இன் வடிவம் 1101110, அதில் ஐந்து 1, மீதி 2.

மறை அடியை முதலில் எழுதியவர் இத்தாலியைச் சேர்ந்த விட்டோரியோ கிரூன்வால்ட், 1885 இல். கூட்டல், கழித்தல், வகுபடும் விதிகள் எல்லாம் அவரே பார்த்திருக்கிறார். பிறகு 1950 களின் இறுதியில் போலந்தில் அடி −2 ஐக் கொண்டே கணினி கட்டினார்கள். நிலைக்கவில்லை. நிலைக்காததும் நியாயம்தான் என்பேன்: கூட்டலில் இரண்டு விதமாகக் கொண்டுபோக வேண்டும், குறி மாற்ற ஒரு முழுக் கழித்தல் வேண்டும், ஒப்பிடுவதற்கு இடம் பார்க்க வேண்டும். இன்றைய கணினிகள் மறை எண்ணுக்குப் பயன்படுத்தும் இரண்டின் நிரப்பியில் இந்தத் தலையிடி எதுவும் இல்லை.

உவர்மலை வகுப்பு:

அக்காவின் முறையில் 926 க்கு 9090 ஐயே கூட்டிப் பார்த்தேன், 10016 வந்தது. ஆயிரங்களில் 0 போய் 9, பத்துகளில் 1 போய் 8: 19086. சரியான விடையே வருகிறதே? அப்படியானால் 909090 எதற்கு?

நிலாவெளி:

தற்செயல். ஐந்தாவது இடம் நேர் இடம், அங்கே கூட்டவோ திருப்பவோ எதுவும் இல்லை, அதனால் தப்பினீர்கள். 9090 ஐக் கூட்டி வருவது ஐந்து இலக்கமாக இருக்கும்வரை, அதாவது 90909 வரை, அது சரியாகவே வரும். முன்னுக்கு ஒரு 0 போட்டு 09090 என்று நினைத்துக்கொள்ளுங்கள். 90910 ஐப் போடுங்கள். 90910 + 9090 = 100000. ஆறாவது இடம் மறை இடம், அதற்கு 9 கொடுக்கவில்லை. 1 ஐ அப்படியே விட்டால் 109090, அது −100000 − 9000 − 90 = −109090. சரியான விடை 1909090. மறைப் பக்கத்தில் −9090 க்குக் கீழே போனால் கூட்டுத்தொகையே மறையாகிவிடும், அப்போதாவது கண்ணில் படும்.

மூதூர்த்துறை:

புரோகிராமில் அதுவும் கண்ணில் படாது. அடி −2 ஐ 32 பிட்டில் (32 துவித இலக்கத்தில்) செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. 32 பிட்டுக்குள் அடங்குவது −2863311530 முதல் 1431655765 வரை. ஜாவாவின் சாதாரண முழுவெண் 2147483647 வரை போகும். 1431655766 ஐக் கொடுத்தால் கூட்டுத்தொகை சரியாக 4294967296, 32 பிட்டில் அது 0 ஆகச் சுருண்டுவிடும். எக்ஸ்ஓர் செய்ததும் 1010 என்று நிரம்பிய 32 பிட் வடிவம் வரும், அது −2863311530. பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே கூட்டுவதற்கு முன் எண் 1431655765 ஐத் தாண்டுகிறதா என்று ஒரு வரி சோதனை போடுங்கள், அல்லது 64 பிட்டுக்குப் போங்கள். பைதனில் முழுவெண்ணுக்கு நீள வரம்பு இல்லை, அங்கே நீங்கள் கூட்டும் 1010 வடிவத்தின் நீளம்தான் வரம்பு. எண்ணைவிட இரண்டு பிட் கூடுதலாக எடுத்து, நீளம் ஒற்றை எண்ணாக வந்தால் இன்னும் ஒரு பிட் சேர்த்து இரட்டை எண்ணாக்கினால் போதும்.